ஓமின் கம்பிகளும் ஜூலின் வெந்நீரும்

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. இரண்டையும் பெருக்கினால் மின்திறன். பத்தாம் வகுப்புப் பாடநூலில் இவ்விரண்டு வரிகளும் ஒரே பக்கத்தில், அடுத்தடுத்து அச்சிடப்பட்டிருக்கும். 230 வோல்ட் அழுத்தத்தில் 2 ஆம்பியர் ஓடினால் தடை 115 ஓம், திறன் 460 வாட். விரல்விட்டு எண்ணத் தெரிந்தவர் எவரும் செய்துவிடக்கூடிய கணக்குத்தான். ஆனால் வகுத்தல் ஒன்றையும் பெருக்கல் ஒன்றையும் மனிதகுலம் கண்டடைய நூறாண்டு ஆயிற்று என்பதையும், அவற்றுள் முதலாவதைக் கண்டவர் அதற்காகத் தம் வேலையையே இழக்க நேர்ந்தது என்பதையும் பாடநூல்கள் சொல்வதில்லை. இலக்கியம் பயில்வோர்க்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கக்கூடும். சொற்கள் எவ்வாறு பிறக்கின்றன, ஒரு சொல் பிறக்கும்வரை ஒரு பொருள் எவ்வாறு கண்ணுக்குத் தெரியாமலே கிடக்கிறது என்பதில் நமக்கு அக்கறை உண்டல்லவா? மின்தடையின் வரலாறு அத்தகைய வரலாறுகளுள் ஒன்று.

கதை இங்கிலாந்தில் ஹென்றி கேவண்டிஷ் என்ற செல்வரிடமிருந்து தொடங்க வேண்டும். மனிதரைக் கண்டால் ஒதுங்கிப்போகும் இயல்பினர். கண்டறிந்தவற்றை அச்சிடுவதிலும் ஆர்வமற்றவர். 1781ஆம் ஆண்டு சனவரியில் அவர் உப்புநீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களின் வழியே லெய்டன் சாடியின் மின்சாரத்தைச் செலுத்தி ஆராய்ந்தார். மின்னோட்டத்தை அளக்கும் கருவி உலகில் எங்கும் இல்லாத காலம். ஆகவே அவர் தம் உடம்பையே கருவியாக்கிக்கொண்டார். குழாயை மாற்றி மாற்றி, உடலில் பாயும் அதிர்ச்சி எப்போது கூடுகிறது, எப்போது குறைகிறது, எப்போது சமமாக இருக்கிறது என்று உணர்ந்து குறித்துவைத்தார். இப்படி முரட்டுத்தனமான முறையில் அவர் எட்டிய முடிவு வியப்பூட்டுவது: ஓட்டம், மின்விசையின் அளவுக்கு நேர்விகிதத்தில் அமைகிறது என்பதே அது. அக்குறிப்புகள் பெட்டிக்குள் உறங்கின. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் அவற்றைப் பதிப்பித்து 1879இல் வெளியிட்டபோதுதான் உலகம் அறிந்தது. மாக்ஸ்வெல் பதிப்பாசிரியராக மட்டும் இருந்துவிடவில்லை. கேவண்டிஷின் சோதனையைத் தம் உடம்பிலும் ஆய்வகத்துக்கு வந்தவர்கள் உடம்பிலும் செய்துபார்த்தார். ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்பவர் பாட்டைப் பாடியும் பார்க்க வேண்டும் என்று நம் பழைய ஆசிரியர்கள் சொல்வதை இது நினைவூட்டுகிறது. நூல் வெளிவந்த அதே ஆண்டு நவம்பரில் மாக்ஸ்வெல் மறைந்தார்.

ஆக, கேவண்டிஷ் அறிந்தது கேவண்டிஷோடு போயிற்று. மீண்டும் முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்தப் பணி வாய்த்தது ஒரு பள்ளி ஆசிரியருக்கு.

கியோர்க் சீமோன் ஓம் 1789 மார்ச் 16 அன்று எர்லாங்கன் நகரில் பிறந்தார். தந்தை பூட்டுத்தொழிலாளி, முறையான கல்வி இல்லாதவர், தாமே கணிதம் கற்று மக்களுக்கும் கற்பித்தவர். தாய் ஒரு தையற்காரரின் மகள்; ஓம் பத்து வயதுச் சிறுவனாக இருக்கையிலேயே இறந்துபோனார். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த இளைஞர் நடனம், பனிச்சறுக்கு, பில்லியர்ட்ஸ் என்று பொழுதைக் கழிப்பதைக் கண்டு தந்தை சினந்து, சுவிட்சர்லாந்தில் ஆசிரியர் வேலைக்கு அனுப்பிவிட்டார். தண்டனையாகக் கிடைத்த வேலை வாழ்நாள் தொழிலாயிற்று. 1811இல் முனைவர் பட்டம் பெற்றும் பல்கலைக்கழகத்தில் நிலையான இடம் கிட்டவில்லை. 1817இல் கொலோன் நகரத்துப் பள்ளியொன்றில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கச் சேர்ந்தார். அப்பள்ளியில் நல்ல ஆய்வகம் ஒன்று இருந்தது. பூட்டுத்தொழிலாளியின் மகனுக்குக் கருவி செய்யும் கைத்திறனும் இருந்தது.

1820இல் ஓர்ஸ்டெட் என்ற டென்மார்க் அறிஞர், மின்சாரம் ஓடும் கம்பி காந்த ஊசியைத் திருப்புகிறது என்று கண்டறிந்திருந்தார். அதனால் உடம்பை வருத்தாமலே ஓட்டத்தை அளக்க வழி பிறந்தது. ஓம் செய்தது இதுதான்: ஒரு காந்த ஊசியை மெல்லிய பொன் இழையில் தொங்கவிட்டார். கீழே கம்பியில் மின்சாரம் ஓடினால் ஊசி திரும்பும். இழையை முறுக்கி ஊசியைப் பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும். எவ்வளவு முறுக்கவேண்டியிருந்ததோ அது ஓட்டத்தின் அளவு.

முதல் முயற்சி சரிவரவில்லை. வோல்ட்டா கண்டுபிடித்த வகை மின்கலத்தைக் கொண்டு செய்தார். அந்தக் கலமோ நிலையாக நிற்காது, இணைத்தவுடன் பொங்கி எழும், பிறகு தளர்ந்துவிடும். 1825இல் அவர் வெளியிட்ட முதற்கட்டுரையில் கண்ட சூத்திரம் மடக்கை அடிப்படையில் அமைந்த பிழையான ஒன்று. அப்போது போகண்டார்ஃப் என்ற இதழாசிரியர் ஒரு யோசனை சொன்னார். சீபெக் 1821இல் கண்ட வெப்பமின் இணையைப் பயன்படுத்தலாமே என்பது அது. இருவேறு உலோகங்களை இணைத்து, ஒரு சந்திப்பைச் சூடாகவும் மற்றொன்றைக் குளிராகவும் வைத்தால் மின்சாரம் பிறக்கும். வெப்பநிலை வேறுபாடு மாறாதவரை அதன் விசையும் மாறாது. ஓம் பிஸ்மத் தண்டு ஒன்றின் இரு முனைகளிலும் செம்பை இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார். கொதிநீரும் பனிக்கட்டியும் தம் வெப்பநிலையில் எளிதில் ஏமாற்றுவதில்லை. உலகின் நம்பகமான முதல் மின்னழுத்த மூலங்களுள் ஒன்றை இவ்வாறு சமையலறைப் பொருள்களால் அவர் அமைத்துக்கொண்டார்.

1826 சனவரியில் எட்டுச் செம்புக் கம்பிகளை எடுத்துக்கொண்டார். தடிமன் ஒன்றே, நீளம் மட்டும் 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். ஒவ்வொன்றாக இணைத்து முறுக்கத்தைக் குறித்தார். 2 அங்குலக் கம்பிக்கு 326¾; 4 அங்குலத்துக்கு 300¾; 18 அங்குலத்துக்கு 190¾; 130 அங்குலத்துக்கு 48½. இந்த எண்களை உற்று நோக்குங்கள். கம்பியின் நீளம் இரண்டிலிருந்து நான்காக இரட்டித்தும் ஓட்டம் பாதியாகவில்லை, சற்றே குறைந்தது. பாடநூலை மட்டும் படித்தவர் இங்கே விதி பொய்த்துவிட்டதென்று எண்ணுவார். ஓம் எண்ணவில்லை. சுற்றில் கம்பி மட்டுமா இருக்கிறது? பிஸ்மத் தண்டு இருக்கிறது, இணைப்புகள் இருக்கின்றன, அவையும் வழிமறிக்கும். அவையனைத்தையும் சேர்த்து 20¼ அங்குலக் கம்பிக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால் எண்கள் அத்தனையும் வரிசையில் வந்து நின்றுவிடுகின்றன. 7285 என்ற மாறாத எண்ணை, கம்பியின் நீளத்தோடு 20¼ கூட்டி வரும் தொகையால் வகுத்துப் பாருங்கள். 2 அங்குலத்துக்கு 327 வருகிறது, 18 அங்குலத்துக்கு 190½, 130 அங்குலத்துக்கு 48½. கையால் முறுக்கிய பொன்னிழை இவ்வளவு துல்லியமாகப் பேசியிருக்கிறது.

அவர் அத்துடன் நிற்கவில்லை. கொதிநீரை நீக்கி, வெப்பநிலை வேறுபாட்டை மிகச் சிறிதாக்கி மீண்டும் அளந்தார். மேலே நிற்கும் எண் சுருங்கியது. 20¼ மட்டும் அப்படியே நின்றது. இந்த இடத்தைத்தான் நான் இவ்வரலாற்றின் உச்சமாகக் கருதுகிறேன். உந்தும் விசை வேறு, மறிக்கும் பொருளின் பண்பு வேறு. ஒன்றை மாற்றினாலும் மற்றது மாறாது என்பதை முதன்முதலாக எண்களால் பிரித்துக் காட்டிய இடம் இது. அதுவரை மின்சாரத்தைப் பற்றி எழுதியோர் வன்மை, செறிவு, வேகம், அளவு என்ற சொற்களையெல்லாம் ஒன்றன் இடத்தில் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஓம் பயன்படுத்திய சொற்களும் சுவையானவை. இன்று நாம் தடை என்று சொல்லும் இடத்தில் அவர் பெரும்பாலும் 'குறுக்கிய நீளம்' என்ற பொருள்படும் தொடரையே ஆண்டார். எந்தப் பொருளானாலும், எந்தத் தடிமனானாலும், அதை ஒரு நியமக் கம்பியின் இத்தனை நீளத்துக்குச் சமம் என்று குறுக்கிச் சொல்வது. அழுத்தத்துக்கு ஜெர்மானியர் இன்றும் வழங்கும் சொல் இழுவிறைப்பு என்ற பொருளது. வீணையின் நரம்பை நினைத்துக்கொள்ளலாம். நாமோ நீர்க்குழாயை நினைத்து அழுத்தம் என்றோம். ஓட்டத்துக்கு ஆங்கில எழுத்தான 'ஐ' குறியாக நிற்பதற்குக் காரணம், ஆம்பியர் என்ற பிரெஞ்சு அறிஞர் அதை ஓட்டத்தின் 'செறிவு' என்று தம் மொழியில் வழங்கியது. திறன் என்று தமிழகத்துப் பாடநூல்கள் சொல்வதை ஈழத்துப் பாடநூல்கள் வலு என்று சொல்கின்றன. எனக்கு இரண்டாவது சொல்லே பொருளுக்கு நெருக்கமானதாகப் படுகிறது. திறனை மனிதனுக்குச் சொல்வோம், எருதுக்கு வலுவைச் சொல்வோம்.

1826இல் பாதி ஊதியத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஓம் பெர்லினுக்குச் சென்றார். அங்கே அவர் தம்பி மார்ட்டின் ஓம் கணித ஆசிரியராக இருந்தார். அடுத்த ஆண்டு ஓமின் நூல் வெளிவந்தது. மின்சுற்றைக் கணித முறையில் ஆராய்வது அது. இதற்குப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி கிடைக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைத்தது ஏளனம். போல் என்ற பெர்லின் அறிஞர் நூலைக் கடுமையாகச் சாடினார். ஓம் 1828இல் கொலோன் பள்ளி வேலையைத் துறந்தார். பிறகு சில ஆண்டுகள் பெர்லினில் படைப்பள்ளியொன்றில் சில மணிநேரம் கணிதம் கற்பித்துக் காலம் தள்ளினார். 1833இல்தான் நியூரம்பெர்க் தொழிற்கல்விக்கூடத்தில் இடம் கிடைத்தது.

ஹெகலியத் தத்துவவாதிகள் சோதனை அறிவியலை வெறுத்தார்கள், அதனால் ஓம் வஞ்சிக்கப்பட்டார் என்று வழக்கமாக எழுதுகிறார்கள். அதில் உண்மை கொஞ்சம் இருக்கலாம். எனினும் குற்றம் முழுவதையும் தத்துவத்தின் தலையில் சுமத்துவது நியாயமன்று என்பது என் துணிபு. 1826ஆம் ஆண்டுக் கட்டுரையில் கம்பிகளும் எண்களும் இருந்தன. 1827ஆம் ஆண்டு நூலிலோ அவை பின்னுக்குப் போய்விட்டன. வெப்பம் பொருளில் எவ்வாறு பரவுகிறது என்று ஃபூரியே 1822இல் எழுதிய கணித நூலைப் பின்பற்றி, மின்சாரமும் அவ்வாறே பரவுவதாகக் கொண்டு சமன்பாடுகளால் ஓம் அந்நூலை நிரப்பினார். சோதனை செய்வோருக்குக் கணிதம் புரியவில்லை. கணிதம் அறிந்தோருக்கு அதன் அடிப்படை ஐயத்துக்குரியதாகத் தோன்றியது. அந்த ஐயம் வீணானதும் அன்று. கம்பிக்குள் மின்னூட்டம் செறிவு வேறுபாட்டால் பரவுகிறது என்று ஓம் கருதியது தவறு. கிர்க்காஃப் 1849இல் வந்துதான் நிலைமின்னியலோடு பொருந்துமாறு அதைச் சரிசெய்தார். சரியான விதி, பிழையான விளக்கம், படிக்கக் கடினமான நூல் மூன்றும் சேர்ந்து அவரைப் பிடித்து இழுத்தன. அதே ஜெர்மனியில் ஃபெக்னர் என்பவர் 1831இலேயே விரிவான சோதனைகளால் ஓமை உறுதிப்படுத்தினார் என்பதையும் மறக்கலாகாது. இங்கிலாந்தின் அரசக் கழகம் 1841இல் கோப்ளி பதக்கம் அளித்தது. மியூனிக் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியர் இருக்கை கைக்கு வந்தது 1852இல். 1854 சூலையில் அவர் இறந்தார்.

ஓமின் விதியில் ஒரு பாதிதான் இருந்தது என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஓட்டத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்ற கேள்வியே அவரிடம் இல்லை. அதைக் கேட்டவர் கணக்கு வழக்குத் தெரிந்த ஒரு வணிகர் வீட்டுப் பிள்ளை. ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல், மான்செஸ்டருக்கு அருகில் சால்ஃபோர்டில் மது வடிப்பாலை நடத்திய குடும்பத்தவர். நீராவிப் பொறிக்குப் பதிலாக மின்பொறியை ஆலையில் வைத்தால் இலாபமா என்று ஆராயப் புகுந்தவர். விடை ஏமாற்றமாக இருந்தது: மின்கலத்தில் கரையும் ஒரு பவுண்டு துத்தநாகம், ஒரு பவுண்டு நிலக்கரி செய்யும் வேலையைக்கூடச் செய்யவில்லை, விலையோ பல மடங்கு. ஆனால் எங்கே போயிற்று அந்த வலு என்று தேடியபோது கம்பிகள் சூடாவது அவர் கருத்தில் பட்டது.

கம்பியைக் கண்ணாடிக் குழாயில் சுற்றி, அளந்த நீருக்குள் அமிழ்த்தி, ஓட்டத்தைச் செலுத்தி, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரே ஓட்டம் இரு வேறு கம்பிகளில் பாய்ந்தால், வெப்பம் அவற்றின் தடைக்கு நேர்விகிதத்தில் பிறந்தது. கம்பி ஒன்றே, ஓட்டம் மட்டும் இரட்டித்தால் வெப்பம் இரட்டிக்கவில்லை, நான்கு மடங்காயிற்று. மூன்று மடங்கு ஓட்டத்துக்கு ஒன்பது மடங்கு. 1840 இறுதியில் அரசக் கழகத்துக்கு அனுப்பினார். அவர்கள் சுருக்கத்தை மட்டும் அச்சிட்டார்கள். முழுக்கட்டுரை 1841இல் வேறோர் இதழில் வந்தது. அப்போது ஜூலுக்கு வயது 22. உருசியாவில் லென்ஸ் தனித்து இதே முடிவை அடுத்த ஆண்டுகளில் எட்டினார்.

இப்போது இரண்டு பாதிகளையும் ஒட்டிப் பார்க்கலாம். வெப்பமாகும் திறன், ஓட்டத்தின் இருமடியைத் தடையால் பெருக்கியது என்கிறார் ஜூல். தடை என்பது அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தது என்கிறார் ஓம். இரண்டாவதை முதலாவதில் வைத்தால் ஓர் ஓட்டம் அடிபட்டுப்போய், அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்கியது மிஞ்சுகிறது. இரண்டு வரிப் பாடத்தின் இரண்டாம் வரி இதுதான்.

வோல்ட்டும் ஓமும் ஆம்பியரும் அளவுப் பெயர்களாக இன்னும் பிறந்திருக்கவில்லை. அவற்றைப் பிறப்பித்தது தந்தி. கடலடியில் ஆயிரக்கணக்கான கல் தொலைவு கிடக்கும் கம்பியில் எங்கே பழுது என்று கப்பலில் இருந்தபடியே சொல்ல வேண்டுமானால் தடையை அளந்துதான் சொல்ல முடியும். 1858இல் அட்லாண்டிக் கடலில் இட்ட முதற்கம்பி, அளவின்றி உயர்ந்த அழுத்தம் செலுத்தப்பட்டுச் சில வாரங்களில் மாண்டது. அதன்பின் அளவுகளுக்குப் பொது நியமம் வேண்டுமென்று எல்லாரும் உணர்ந்தார்கள். 1861இல் கிளார்க், பிரைட் என்ற தந்திப் பொறியாளர் இருவர் அறிஞர்களின் பெயர்களை அளவுகளுக்கு இடலாம் என முன்மொழிந்தனர். அதில் ஒரு வேடிக்கை: அவர்கள் ஓமின் பெயரை அழுத்தத்துக்கும் வோல்ட்டாவின் பெயரைத் தடைக்கும் சூட்டியிருந்தார்கள். அது நிலைத்திருந்தால் நம் வீடுகளுக்கு 230 ஓம் மின்சாரம் வந்துகொண்டிருக்கும். 1881இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு மாநாடு இன்றைய பெயர்களை உறுதிசெய்தது. திறனுக்கு வாட் என்ற பெயரை வில்லியம் சீமென்ஸ் 1882இல் முன்மொழிந்தார். ஜேம்ஸ் வாட் மறைந்தது 1819இல். ஊசியின் திருப்பத்தை ஓர்ஸ்டெட் கண்டதற்கு முந்திய ஆண்டு. மின்கட்டணச் சீட்டில் நாள்தோறும் நாம் உச்சரிக்கும் பெயருக்குரியவர், மின்னோட்டத்தை அளக்க முடியும் என்பதையே அறியாமல் போனவர்.

இக்கணக்கு ஏட்டிலிருந்து தெருவுக்கு இறங்கிய இடம் நியூயார்க். 1870களின் இறுதியில், ஒரு மின்பொறியிலிருந்து வீடுதோறும் சிறுசிறு விளக்குகளாக ஒளியைப் பிரித்துக் கொடுக்க முடியுமா என்ற வழக்கு நடந்தது. பிரிட்டனின் புகழ்பெற்ற பொறியாளர் பிரீஸ், ஓம் ஜூல் இருவரின் விதிகளையும் கொண்டே கணக்கிட்டு, அது கொள்ளிவாய்ப் பேயைத் துரத்துவது போன்றது என்று 1879இல் தீர்ப்பளித்தார். கணக்கில் பிழையில்லை, விளக்கின் தடையைப் பெரிதாக்கிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. எடிசனுக்கும் அவருடைய கணித உதவியாளர் அப்டனுக்கும் தோன்றியது. ஒரு விளக்குக்கு 100 வாட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 10 வோல்ட்டில் அதைத் தர 10 ஆம்பியர் வேண்டும். விளக்கின் தடை 1 ஓம். 100 வோல்ட்டில் தந்தால் 1 ஆம்பியர் போதும். தடை 100 ஓம். வெளிச்சம் ஒன்றே. ஆனால் தெருவுக்கடியில் செல்லும் அதே செம்புக்கம்பியில் வீணாகும் வெப்பம் முன்னதில் நூறு மடங்கு. அதைக் குறைக்கவேண்டுமென்றால் நூறு மடங்கு செம்பைப் புதைக்க வேண்டும். செம்பின் விலை எந்த வணிகரையும் திவாலாக்கிவிடும். உயர்ந்த தடையுள்ள மெல்லிய இழையைத் தேடி எடிசன் அலைந்ததன் பொருளாதாரம் இதுவே. 1882 செப்டம்பர் 4 அன்று பேர்ல் தெரு நிலையம் ஏறத்தாழ 110 வோல்ட் அழுத்தத்தில் இயங்கத் தொடங்கியது.

அதே பெருக்கல் இருபது ஆண்டுகளில் நம் பக்கம் வந்து சேர்ந்தது. 1902 சூனில் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து 147 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் போயிற்று. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்பாதைகளுள் ஒன்று அது. அழுத்தம் முப்பதாயிரம் வோல்ட் அளவில். மும்முனை மின்சாரத்தின் நுணுக்கங்களை ஒதுக்கிவிட்டு எளிய கணக்காகப் பார்த்தால், 3,000 கிலோவாட்டை 30,000 வோல்ட்டில் அனுப்ப 100 ஆம்பியர் போதும். 3,000 வோல்ட்டில் அனுப்பினால் 1,000 ஆம்பியர் வேண்டும், வழியில் இழப்பு நூறு மடங்கு. தாழ்ந்த அழுத்தத்தில் அருவியின் வலு முழுவதும் பாதையிலேயே சூடாகித் தீர்ந்திருக்கும். திட்டத்தை முன்னின்று நடத்திய மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் அது நிறைவேறுமுன் 1901இல் இறந்துபோனார். அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களுள் பெரும்பகுதியினர் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம் பகுதியிலிருந்தும் போன தமிழர்கள், அவர்களுள் மிகப்பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். காவிரி நீரின் வலு அவர்களுடைய உழைப்புக் களத்துக்கு வந்த கதை நம் இலக்கியத்தில் போதிய அளவு எழுதப்படவில்லை என்ற குறை எனக்குண்டு.

கணக்கைக் கையாளுவோர்க்கு ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். 60 வாட் என்று எழுதிய பழைய இழைவிளக்கை எடுத்து, 230 வோல்ட்டுக்குக் கணக்கிட்டால் தடை ஏறத்தாழ 880 ஓம் வரும். அணைந்த விளக்கின் தடையை மானியால் அளந்தாலோ அதில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவே காட்டும். மானியும் கணக்கும் இரண்டுமே பொய் சொல்லவில்லை. டங்ஸ்டன் இழை வெண்மையாக எரியும்போது அதன் தடை பன்மடங்கு ஏறிவிடுகிறது. எரிகையில் உள்ள அழுத்தத்தையும் ஓட்டத்தையும் கொண்டு கணக்கிட்டால்தான் எரிகையில் உள்ள தடை கிடைக்கும். மின்விசிறி, நீரேற்றி போன்ற மோட்டார்களிலும், மாறுமின்னோட்டத்தின் அழுத்தமும் ஓட்டமும் ஒருசேர ஏறி இறங்குவதில்லையாதலால், வெறும் பெருக்கல் உண்மைத் திறனைவிடக் கூடுதலாகவே காட்டும்.

ஓமின் பெயர் தாங்கிய அளவோ நெடுங்காலம் பாதரசத்தில் வாழ்ந்தது. 1893இல் சிகாகோ மாநாடு அதை, பனி உருகும் வெப்பநிலையில் 106.3 சென்டிமீட்டர் உயரமுள்ள பாதரசத் தூணின் தடை என்று வரையறுத்தது. 1980இல் கிளாஸ் வான் கிளிட்சிங், கடுங்குளிரிலும் வலிய காந்தப்புலத்திலும் வைத்த மெல்லிய மின்படலத்தின் தடை, எந்தப் பொருளால் ஆனதாயினும் 25,812.8 ஓம் என்ற எண்ணின் முழுப்பங்குகளாகவே படிபடியாக அமைகிறது என்று கண்டார். 2019 மே 20 முதல் அந்த எண் இயற்கையின் மாறிலிகளோடு பிணைக்கப்பட்டு நிலைநிறுத்தப்பட்டுள்ளது. கொலோன் பள்ளியில் பனிக்கட்டியும் கொதிநீரும் வைத்துச் செய்த வேலையை இன்று அளவியல் கூடங்கள் திரவ ஹீலியத்தில் வைத்துச் செய்கின்றன.